ஃப்ரிட்டாட்டாவும் ராமசாமியின் ஆம்லெட்டும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் போனால் இட்லி மட்டுமில்லை, பாஸ்தாவும் கிடைக்கும். ரமணாசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர்களுக்காக முளைத்த கஃபேக்கள் அங்கே நிறைய. பெரும்பாலும் சைவம்தான். அதனால் காய்கறியும் பேக்கனும் போட்ட கனமான ஃப்ரிட்டாட்டா சாப்பிட ஆசைப்பட்டால், இந்த ஊரில் வீட்டில் செய்துகொள்வதுதான் வழி. செய்முறை கடைசியில் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இந்தப் பண்டம் நமக்கு எவ்வளவு தூரம் அந்நியம்?

என் பதில்: நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. நம்ம ஊர் ஆம்லெட், பேரில்தான் பிரெஞ்சு. செய்முறையில் அது ஃப்ரிட்டாட்டாவின் பங்காளி. அப்படி ஆனதுக்குப் பின்னால் பேர் பதியப்படாத சில மனிதர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களைப் பற்றி.

தகடும் பொரியலும்

இத்தாலிய மொழியில் 'ஃப்ரிஜ்ஜெரே' என்றால் பொரிப்பது. ஃப்ரிட்டாட்டா என்றால் 'பொரித்தது'. அதாவது பொரியல். ஆம்லெட் என்ற சொல்லோ, மெல்லிய சிறு தகடு என்று பொருள்படும் 'லாமெல்லா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், வாய்க்கு வாய் திரிந்து இப்போதைய வடிவத்துக்கு வந்தது.

இரண்டுக்கும் வித்தியாசம் பேரோடு நிற்கவில்லை. பிரெஞ்சு ஆம்லெட்டுக்கு நல்ல சூடு, வெண்ணெய், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். உள்ளே கொழகொழவென்று இருக்கும்போதே மடித்துத் தட்டில் போடணும். காய், சீஸ் எல்லாம் பெரும்பாலும் மடிப்புக்குள் போகும். ஃப்ரிட்டாட்டா நேர் எதிர். காயும் கறியும் முட்டையோடு கலந்தே வேகும். சிறு தீ, பத்துப் பன்னிரண்டு நிமிடம், மடிப்பு கிடையாது. முழுசா வெந்து, கத்தியால் துண்டு போடும் பதம் வரணும்.

இப்ப நம்ம ஆம்லெட்டை எடுத்துக்கோங்க. பொடியா நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் முட்டையோடு சேர்த்தே அடிக்கிறோம். கல்லில் ஊற்றி, திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் வேக விடுகிறோம். கரண்டி ஆம்லெட் இன்னும் நெருக்கம்: குழிக் கரண்டியிலேயே ஊற்றி, தடிமனா, பஞ்சு மாதிரி எடுப்பது. எதுவுமே மடிப்பை நம்பி இல்லை. கொழகொழப்பு வேணும்னு கேட்கிறவர்களுக்குக் கொங்குப் பக்கம் கலக்கி என்று தனிப் பேரிலேயே ஒன்று இருக்கு.

சென்னைப் பட்டாளத்து சமையல் வாத்தியார்

ஆம்லெட் இங்கே இப்படி மாறக்கூடாது என்று ஒருத்தர் ரொம்பவே பாடுபட்டார். பேர் ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட். 1859இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணக் குதிரைப்படையில் சேர்ந்து கர்னல் வரை போனவர். 'வைவெர்ன்' என்ற புனைபெயரில் சென்னைப் பத்திரிகையில் சமையல் பற்றி எழுதினார். அவை 1878இல் 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற புத்தகமாக ஹிக்கின்பாதம்ஸ் வெளியீடாக வந்தன. ஓய்வுக்குப் பிறகு லண்டன் போய், 1894இல் சமையல் பள்ளியே ஆரம்பித்தார். பொழுதுபோக்குக்கு எழுதின ஆள் இல்லை.

ஆம்லெட் விஷயத்தில் அவர் முழுப் பிரெஞ்சுக் கட்சி. கச்சிதமாகச் சுருட்டி விறைப்பாக நிற்கும் ஆம்லெட் அவருக்கு ஆகாது. வேகமாகச் செய்து இறக்கினால், தட்டில் போட்டதும் தானே தளர்ந்து பரவும் அளவுக்கு மென்மையாக இருக்கணும் என்பது அவர் கட்சி.

இதையெல்லாம் அவர் எழுதியது அடுப்படியில் நின்று சமைத்தவர்களுக்கு இல்லை. அவர்களை வேலை வாங்கிய வெள்ளைக்காரத் துரைகளுக்கும் துரைசாணிகளுக்கும்தான். அடுப்படியில் நின்ற தமிழ்ச் சமையல்காரருக்கு அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பேர்: ராமசாமி. அது எந்த ஒரு ஆளின் பேரும் இல்லை. சென்னை மாகாணத்து பங்களாக்களில் சமைத்த அத்தனை பேருக்கும் சேர்த்து வைத்த பொதுப்பேர். நிரல் எழுதுகிறவர்கள் எடுத்துக்காட்டுக்கு ஏதோ ஒரு மாறிப் பேர் போடுவோமே, அந்த மாதிரி.

ராமசாமி யார்?

துரை வீட்டு அடுப்படியில் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் தொடணும். சாதி இந்துக்களில் பெரும்பாலோர் அந்த வேலைக்கு வரமாட்டார்கள். அதனால் சென்னை மாகாணத்து ஐரோப்பிய வீடுகளில் சமையல்காரர், பட்லர் வேலைகளில் பறையர் சமூகத்தினர் பெருமளவில் இருந்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும்கூட இருந்தார்கள். முட்டையை அடித்து வாணலியில் ஊற்றும் பழக்கத்தைத் தமிழ்நாட்டுக்குப் பழக்கப்படுத்தியதில் பெரும் பங்கு இவர்களுடையது. பங்களாவிலிருந்து ரயில்வே சாப்பாட்டு அறைக்கு, அங்கிருந்து பட்டாளத்து மெஸ்ஸுக்கு, மிலிட்டரி ஓட்டலுக்கு, தள்ளுவண்டிக்கு என்று அது இறங்கி வந்திருக்கும் பாதையை ஊகிப்பது கஷ்டமில்லை.

அச்சுப் புத்தகம் இந்தப் பாதையில் பெரிசா உதவவில்லை. தமிழில் எல்லாருக்கும் தெரிந்த சமையல் நூல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951இல் வந்தது. அது சைவச் சமையல் நூல். அங்கே ஆம்லெட்டுக்கு இடமில்லை. ஆம்லெட் கை வழியாகத்தான் பரவியது.

அந்தக் கை, தனக்குத் தெரிந்ததைத்தான் செய்தது. தோசைக்கல்லின் தர்க்கம் என்ன? ஊற்று, பரப்பு, ஓரத்தில் எண்ணெய் விடு, திருப்பிப் போடு. அடையில் வெங்காயத்தை மாவோடவே கலப்போம், உள்ளே வைத்து மடிக்க மாட்டோம். அதே கணக்கில் முட்டையும் ஒரு அடை ஆனது. துரைக்குப் பிரெஞ்சு பாணியில் செய்து கொடுத்த அதே கை, தன் வீட்டுக்கும் தன் கடைக்கும் வேறு மாதிரி செய்திருக்கும் என்பது என் அனுமானம். மென்பொருள் பாஷையில் சொன்னால் இது ஒரு ஃபோர்க்: மூலத்தை நகலெடுத்துத் தன் வழியில் வளர்த்துக்கொள்வது. வைவெர்னின் ஆம்லெட் இன்றைக்கு நட்சத்திர ஓட்டல்களில் மட்டும் இருக்கு. ராமசாமியின் ஆம்லெட் ஒவ்வொரு பரோட்டாக் கடையிலும் இருக்கு.

முட்டை பொதுச்சொத்து ஆன கதை

கோழி ஒன்றும் இறக்குமதி இல்லை என்றுதான் நினைப்போம். பாதி சரி. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. இதுவரை கிடைத்த மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட்டில் கிடைத்தவை, சுமார் கி.மு. 1650–1250 காலம் என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் பல கோழிகளுக்கு இருக்கும் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு, இந்தியத் தீபகற்பத்துக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. இது 2008இல் வெளியானது. ஆக, உலகம் முழுக்க மஞ்சள் காலோடு திரியும் கோழிக்குள் நம்ம ஊர்க் காடும் கொஞ்சம் இருக்கு.

ஆனாலும் முட்டை எல்லார் தட்டுக்கும் வந்தது சமீபத்தில்தான். 1982இல் இரண்டு விஷயம் நடந்தது. ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கினார். கருணாநிதி ஆட்சியில் 1989இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். நாமக்கல் பண்ணைகள் இதோடு சேர்ந்து வளர்ந்தன. ஒரு காலத்தில் யார் தொட்டது என்று கேட்கப்பட்ட உணவு, பள்ளிக்கூட வரிசையில் எல்லாருக்கும் ஒரே கரண்டியில் வந்தது. இதைச் சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

பேக்கன் வந்த வழி

காய்கறியைப் பொறுத்தவரை இத்தாலிக்காரரும் நாமும் ஒரே நிலைமை. உருளைக்கிழங்கு, தக்காளி, குடைமிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1492க்கு முன்னால் அவருக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது.

மிஞ்சுவது பேக்கன். உப்பில் ஊற வைத்த பன்றிக்கறி, பல சமயம் புகையும் போட்டது. உப்பு நீரை இழுக்கும், கறி கெடாது. நம்ம உப்புக்கண்டத்தின் தத்துவமும் அதேதான். நாம் வெயிலில் முழுக்கக் காய வைக்கிறோம், அவ்வளவுதான். பேக்கனின் அந்த இளஞ்சிவப்புக்குக் காரணம் வெடியுப்பு. கறிக்குள் அது நைட்ரைட்டாக மாறி நிறத்தைப் பிடித்து வைக்கும், ஆபத்தான கிருமியையும் தடுக்கும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வெடியுப்பு பெருமளவு போனது பீகாரிலிருந்து, கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில். முதல் தேவை துப்பாக்கி மருந்து. கொஞ்சம் கறி உப்பிடவும் போனது. ஆங்கிலேயரின் காலை உணவுத் தட்டில் நம்ம மண்ணும் இருந்திருக்கு!

பன்றியும் இந்த ஊருக்குப் புதுசில்லை. அண்ணாமலைத் தலபுராணத்தில் அடியைத் தேடித் திருமால் எடுத்த உருவம் பன்றி. முடியைத் தேடி பிரம்மா எடுத்தது அன்னம். லிங்கோத்பவர் சிற்பத்தில் இரண்டும் உண்டு. கோயில் சுவரில் கும்பிடுகிற உருவம் கறிக்கடையில் சாதி அடையாளமாக ஆகிவிடுகிறது. பன்றிக்கறி ஊரின் ஓரத்தில் விற்கும். அதுவே 'பேக்கன்' என்று உறைபோட்டு வந்தால் நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் அதிக விலைக்குப் போகும்.

செய்முறை, நாலு பேருக்கு

முட்டை 6, பேக்கன் 100 கிராம், நடுத்தர உருளைக்கிழங்கு 1, பெரிய வெங்காயம் 1, குடைமிளகாய் பாதி, ஒரு கைப்பிடி கீரை, மிளகுத்தூள். பத்து அங்குல இரும்பு வாணலி, இறுக்கமான மூடி.

பேக்கனைச் சிறு துண்டாக்கி, சூடாகாத வாணலியில் போட்டுச் சிறு தீயில் வையுங்க. கொழுப்பு உருகி வரும். தனி எண்ணெய் வேண்டாம். மொறுமொறுப்பானதும் எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கொழுப்பில் மெல்லிசா நறுக்கிய உருளையை முக்கால் வேக்காடு வதக்குங்க. அப்புறம் வெங்காயம், குடைமிளகாய், கடைசியில் கீரை. ஈரம் வற்றணும், இல்லாட்டி முட்டை தண்ணி விடும். பேக்கனில் ஏற்கனவே உப்பு இருப்பதால் முட்டையில் ஒரு சிட்டிகை போதும். முட்டையை நுரைக்க அடிக்காமல் கலந்து ஊற்றி, பேக்கனைத் தூவி, மூடி, மிகச் சிறு தீயில் 10–12 நிமிடம். மேலே அசையாமல் இருந்தால் வெந்தாச்சு. வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் பாருங்க.

ஓவன் இல்லையே என்று கவலை வேண்டாம். கரி அடுப்பு இருந்தால் மூடி மேலே கொஞ்சம் தணல் வையுங்க. ஆம்பூர் பிரியாணிக்கு தம் போடுகிற அதே வித்தை. பேக்கன் கிடைக்காவிட்டால் உப்புக்கண்டத்தை வெந்நீரில் ஊற வைத்து, நசுக்கி, எண்ணெயில் பொரித்துச் சேர்க்கலாம். ருசி வேறதான், ஆனால் நல்லாவே இருக்கும்.

உங்க குடும்பத்தில் தாத்தாவோ பாட்டியோ பங்களாவிலோ ரயில்வேயிலோ மிலிட்டரி மெஸ்ஸிலோ சமைத்திருந்தால், அவங்க கைப்பக்குவத்தை எழுதி வையுங்க. கூடவே அவங்க பேர், ஊர், வேலை பார்த்த வருஷம். ராமசாமி என்று எழுதாதீங்க. உண்மைப் பேரை எழுதுங்க.