ரைபோநியூக்ளியேஸ்

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்னும் பழமொழியின் மரத்தைத் தன் பெயரிலேயே தாங்கி, மன்னார்–பூநகரி வீதியில் அமைந்த இலுப்பைக்கடவையில் உயிரியல் பயிலும் மாணாக்கனுக்கு, ரைபோநியூக்ளியேஸ் என்ற நெடும்பதமும் ஒரு சர்க்கரையில் தொடங்குவது விநோதமாகத் தோன்றாது. அரபுப் பிசினால் பெயர்பெற்ற அரபினோஸுக்கு இனமான சர்க்கரையொன்றை 1891இல் ஆக்கிய வேதியியலாளர் எமில் பிஷர், அப்பெயரின் எழுத்துகளையே புரட்டி ரைபோஸ் என நாமகரணம் செய்தார். 'நியூக்ளி' கலத்தின் கருவைச் சுட்டும். 'ஏஸ்' 1833இல் முளைவிட்ட பார்லியிலிருந்து பிரித்தெடுத்த டயஸ்டேஸ் என்ற நொதியத்தின் வால்; அது பின்னர் நொதியங்கள் பலவற்றுக்கும் விகுதியாயிற்று.

ஆகவே, ரைபோநியூக்ளிக் அமிலமாகிய ஆர்.என்.ஏ.யை அறுப்பது என்பதே இப்பதத்தின் பொருள். அறுத்தல் என்றவுடன் நாசவேலை என்று எண்ணலாகாது: பணி முடிந்த தூது ஆர்.என்.ஏ.யை அப்புறப்படுத்துவதும், முதிராத இடமாற்ற ஆர்.என்.ஏ.யின் மிகைநுனியைச் சீவி உருவாக்குவதும், வைரஸ் புகுந்த கலத்தில் ஆர்.என்.ஏ.யைத் துணித்து வைரஸின் பெருக்கத்தைத் தடுப்பதும் இக்குலத்தின் தொழில்களே. பசுவின் கணையத்திலிருந்து 1939இல் உயிர்வேதியியலாளர் குனிட்ஸ் பளிங்காக்கிய வகையோ, 124 அமினோ அமிலங்களேயுடைய சிறு புரதமாயினும், கொதிக்கவைத்து ஆறவிட்டாலும் மீண்டும் மடிந்து வேலைக்கு வந்துவிடும் பிடிவாதக்காரன். நம் தோலிலும் இவ்வினம் சுரப்பதால், ஆர்.என்.ஏ. ஆய்வாளர் கையுறையின்றிக் குழாயைத் தொடுவதில்லை.