பென்சீனும் பதிவேடும்

சுவிற்சர்லாந்தின் இரசாயனத் தொழில் பாசல் நகரத்துப் பட்டுச் சாயப் பட்டறைகளில் பிறந்தது. 1859ல் அலெக்சாந்தர் கிளாவெல் அங்கு ஃபுக்சின் என்னும் செஞ்சாயத்தை உற்பத்தி செய்யத் தொடங்கினார். பின்னாளில் சீபா என உலகறிந்த நிறுவனத்தின் வேர் இதுவே. அச்சாயத்தின் மூலப்பொருள் அனிலீன். அனிலீனின் மூலப்பொருள் பென்சீன். அன்று நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கப்பட்ட பென்சீன், இரண்டாம் உலகப்போரின் பின் பெருமளவில் பெற்றோலியத்திலிருந்து பெறப்படலாயிற்று. மூலம் மாறியதேயன்றி அதைச் சுவாசித்த தொழிலாளியின் விதி மாறவில்லை.

சுவிஸ் அரசு இவ்விடயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது எனக் கூறிவிட முடியாது. 1877ல் மக்கள் வாக்கெடுப்பில் மிகச் சொற்ப பெரும்பான்மையால் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டம், வேலைநாளைப் 11 மணித்தியாலமாக வரையறுத்ததோடு, குறிப்பிட்ட சில தொழில்களில் ஏற்படும் நோய்களுக்கும் முதலாளியைப் பொறுப்பாளியாக்க வழிவகுத்தது. கிளாருஸ் மாநிலத்து வைத்தியரான பிரிடொலின் சூலர், அச்சட்டத்தின் கீழ் கூட்டாட்சித் தொழிற்சாலைப் பரிசோதகராகப் பணியாற்றினார். சட்டம் இருந்தது. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து வரும் நோயை எந்தப் பரிசோதகரும் தொழிற்சாலை வாசலில் நின்று காணமுடியாது.

அதைக் கண்டவர்கள் வைத்தியசாலையில் இருந்தவர்களே. 1895ல் பிராங்பேர்ட் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் லுட்விக் றேன், ஃபுக்சின் தொழிலாளர் மூவரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளை இனங்கண்டார். 1912ல் பாசலில் லொயன்பேர்கர் அந்நகரச் சாயத் தொழிலாளரிடையே அதே நோயை ஆராய்ந்து எழுதினார். 1921ல் ஜெனீவாவின் சர்வதேசத் தொழில் தாபனம் இதுபற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. குற்றவாளி அனிலீன் அல்ல, பென்சிடீனும் பீற்றா நப்தைலமீனுமே என்பது பின்னரே தெளிவாயிற்று. ஒற்றை நோயாளி விதியின் பலி போலத் தோன்றுகிறான். பட்டியலில் சேரும்போதுதான் அவன் சாட்சியாகிறான்.

பென்சீனின் கதையும் இதுவே. 1897ல் சுவீடனின் உப்சாலாவில், சைக்கிள் ரயர் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் பெண்கள் இரத்தம் உற்பத்தியாகாது இறந்தமையைச் சாந்தெசொன் பதிவு செய்தார். பென்சீன் எலும்பு மச்சையைத் தாக்குகிறது; காலம் சென்று இரத்தப் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்துக்காக 1948ல் தயாரான அறிக்கையே, முற்றாகப் பாதுகாப்பான அளவு பூச்சியம் மட்டுமே என ஒப்புக்கொண்டது. எனினும் ஜெனீவாவில் பென்சீன் சமவாயம் நிறைவேற 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவிற்சர்லாந்து 1975லும் இந்தியா 1991லும் அதை ஏற்றுக்கொண்டன.

இனி எமது பக்கம் வருவோம். எண்பதுகளில் இந்நாட்டுக்கு வந்த தமிழர் பலர் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணியிலும் பட்டறைகளிலும் உழைத்தனர். 1984 முதல் நடைமுறையிலுள்ள விபத்துக் காப்புறுதிச் சட்டம் வதிவிட அனுமதியின் எழுத்தைப் பார்ப்பதில்லை. தொழில்சார் நோய்க்கும் ஈடு தருகிறது. ஆனால் பட்டியலிலுள்ள நச்சுப்பொருளே நோய்க்குப் பாதிக்கு மேற்பட்ட காரணம் என நிறுவப்பட வேண்டும். நான்கு முதலாளிகளிடம் மாறி மாறி உழைத்து, அதில் இரண்டைக் 'கறுப்பில்' செய்தவரிடம் என்ன ஆதாரம் இருக்கும்?

காலமும் எதிரியாகலாம். அஸ்பெஸ்ரஸ் வழக்கொன்றில், நோய் தெரியவருமுன்னரே உரிமை காலாவதியாகிவிட்டது என்ற வாதத்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014ல் நிராகரித்தது. அதன் பின் 2020ல் சுவிஸ் சட்டம், உடற்பாதிப்புக்கான பத்தாண்டு எல்லையை இருபதாக்கியது. நாற்பதாண்டு கழித்து வரும் நோய்க்கு இருபதும் போதாது.

போரையும் பிளவுகளையும் எழுதிக் குவித்த எமது புகலிட அறிவுலகம், உழைப்பின் வரலாற்றை எழுதவில்லை என்பதே எனது குற்றச்சாட்டு. முதல் தலைமுறை ஓய்வுபெறுகிறது. என்ன வேலை செய்தீர்கள் என வைத்தியர் கேட்கும்போது 'எல்லா வேலையும்' என்ற பதில் எவருக்கும் உதவாது. எந்த ஆண்டு, எந்தப் பட்டறை, கலனில் ஒட்டியிருந்த பெயர் என்ன, யன்னல் இருந்ததா என்பவற்றை அவர்கள் வாயால் கேட்டு எழுதி வைப்பது, கவிதைத் தொகுப்பு வெளியிடுவதைவிடச் சிறிய பணியல்ல. பாசல் தொழிலாளருக்கு ஒரு லொயன்பேர்கர் வாய்த்தார். எமக்காக வேறெவரும் வரப்போவதில்லை.