சிறைக்குப் பின் வந்த ஆண்டுகள்



துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு ஆசாப் பொறாமை கொண்டதை 73ஆம் சங்கீதம் மறைக்காமல் சொல்லுகிறது. அப்படிப் பொறாமைகொள்ள நியாயமான காரணமுள்ள ஓர் ஊழியர் நம் தமிழ் மண்ணில் இருந்தார். அவர் பர்த்தலோமேயு சீகன்பால்க்.

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று அவர் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அனுப்பியவர் அரசரே ஆயினும், அங்கே கம்பெனியின் ஆளுநராயிருந்த ஹாசியஸுக்கு இவ்வூழியம் தொடக்கமுதல் பிடிக்கவில்லை. 1708 அக்டோபரில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே, ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதைக் குற்றமாக்கி, ஆளுநர் அவரைக் கோட்டையில் அடைத்தார். ஏறக்குறைய நான்கு மாதச் சிறைவாசம்!

1709இல் விடுதலை கிடைத்தது. ஆளுநரோ பதவியிலேயே நீடித்தார். தரங்கம்பாடி சின்னஞ்சிறு கடற்கரை ஊர். அந்த மனிதரின் முகத்தில் விழிக்காமல் அங்கே நடமாடுவது எளிதா? சிறையிருந்த மாதங்களைவிட இந்த ஆண்டுகளே கடினமானவை என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே பொறுத்திருந்தால் போதும். வெளியே, தண்டனை பெறாத அதிகாரியின் ஆளுகைக்குள், நாள்தோறும் வேலையும் செய்யவேண்டும்.

சீகன்பால்க் விட்ட இடத்திலிருந்து எழுதினார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது. 1715இல் தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது. அப்போதும் அங்கே ஆளுநர் ஹாசியஸ்தான்.