வெளிச்சத்துக்குப் பயந்த பாட்டில்

 

கெமிஸ்ட்ரி லேபில் சில பாட்டில்கள் மட்டும் பழுப்பு நிறத்தில் இருக்கும். ‘வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். கெட்டுப்போகும்போது உள்ளே என்னதான் நடக்கிறது என்று சிலர் விடாமல் கேட்டதால் கரிம வேதியியலில் ஒரு புதுப் பாதையே திறந்தது. ரசாயனத் தொழிலில் இருக்கும் இன்ஜினீயர் என்ற முறையில் அந்த 75 வருடச் சரித்திரத்தை இங்கே சொல்கிறேன்.

கதாநாயகன் ஆல்கைல் ஹைப்போகுளோரைட். ஆல்கஹாலில் ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அங்கே குளோரினை உட்கார வைத்தால் கிடைப்பது அதுதான். வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்துக்கு, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு, ஒருவகையில் தம்பி முறை.

இதை முதலில் செய்தவர் சுவிட்சர்லாந்தின் டிராகாட் சாண்ட்மையர். ஆம், நாம் பாடத்தில் படித்த அதே சாண்ட்மையர் வினைதான்! மனிதர் முறையாக வேதியியல் பட்டம் படித்தவர் இல்லை. நுண்கருவி செய்யும் தொழில் கற்றவர். ஜூரிக் பாலிடெக்னிக்கில் கருவி செய்ய வந்து, வேதியியலில் இறங்கிவிட்டார். 1885-86இல் மெத்தில், எத்தில் ஹைப்போகுளோரைட்டுகளைத் தயாரித்தார். ஆனால் அவை பொல்லாத சரக்கு. சூடானால் வெடிக்கும். அதனால் யாரும் பக்கத்தில் போகவில்லை.

1923இல் இங்கிலாந்தின் சாட்டவேயும் பேக்கபர்க்கும் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். மூவிணைய ஆல்கஹாலிலிருந்து செய்த ஹைப்போகுளோரைட், இருட்டில் வைத்தால் சாதுவாக இருக்கிறது. மூவிணைய பியூட்டைல் ஹைப்போகுளோரைட் அதில் முக்கியமானது. வெளிச்சத்தில் வைத்தாலோ, அசிட்டோனாகவும் மெத்தில் குளோரைடாகவும் உடைகிறது. பாட்டிலுக்குள் நடப்பது என்ன என்பதற்கு முதல் தடயம் கிடைத்தது.

காரணம் இதுதான். ஆக்சிஜன்-குளோரின் பிணைப்பு மிகவும் பலவீனமானது. அதை உடைக்க ஒரு மோலுக்குச் சுமார் 200 கிலோஜூல் போதும். வெளிச்சமே அந்த வேலையைச் செய்துவிடும். ஆளுக்கு ஒரு எலெக்ட்ரானாகப் பங்கு பிரித்துக்கொண்டு இரண்டும் தனி உறுப்புகளாக, அதாவது ரேடிகல்களாக, வெளியே வருகின்றன. ஆக்சிஜன் ரேடிகலுக்கு ஹைட்ரஜன் மேல் தீராத ஆசை. ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பின் பலம் சுமார் 440 கிலோஜூல்; சாதாரண கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு அதைவிடக் குறைவு. எனவே கார்பனிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். ஹைட்ரஜனை இழந்த கார்பன், அடுத்த ஹைப்போகுளோரைட் மூலக்கூறிலிருந்து குளோரினை எடுக்கும். அங்கே மறுபடி ஓர் ஆக்சிஜன் ரேடிகல்! சங்கிலி தொடர்கிறது.

இந்தச் சங்கிலியை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சீவ்ஸ் வாலிங் 1960 முதல் முறையாக ஆராய்ந்தார். அவரும் ஆல்பர்ட் பத்வாவும் கண்டது இன்னும் சுவாரசியம். நீண்ட சங்கிலி உள்ள மூலக்கூறில், ஆக்சிஜன் வெளியே அலையாமல் தன் உடம்பிலேயே ஹைட்ரஜனைத் தேடுகிறது. ஆக்சிஜனைத் தாங்கும் கார்பனை 1 என்று எண்ணினால், பெரும்பாலும் 4ஆம் கார்பனில் போய்க் கை வைக்கிறது. ஏனென்றால் அங்கே எட்டும்போது ஆறு அணுக்கள் கொண்ட வசதியான வளையம் அமைகிறது. சாதாரண ரியேஜென்ட்டுகள் எளிதில் சீண்டாத ஒரு மூலையில் குளோரின் போய் உட்கார்ந்துவிடுகிறது!

அதே 1960இல், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் டெரெக் பார்ட்டன் இதே தத்துவத்தை நைட்ரைட் எஸ்டரில் பயன்படுத்தினார். குளோரினுக்குப் பதில் நைட்ரிக் ஆக்சைடு. மற்றபடி உடைவது ஆக்சிஜனின் பலவீனமான பிணைப்புதான். அவர் குறி வைத்தது அல்டோஸ்டீரோன். உடம்பில் உப்பைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன். 1953இல்தான் தனியாகப் பிரித்திருந்தார்கள். மில்லிகிராம் கணக்கில் கிடைப்பதே அரிது. கார்டிகோஸ்டீரோன் அசிட்டேட்டின் 11ஆம் கார்பனில் நைட்ரைட்டை மாட்டி வெளிச்சம் காட்ட, பக்கத்திலிருந்த 18ஆம் கார்பன் மாறியது. சில படிகளிலேயே அல்டோஸ்டீரோன் அசிட்டேட் தயார். அதுவும் கிராம் கணக்கில்! அடுத்த ஆண்டு பார்ட்டனும் முகம்மது அக்தரும் ஸ்டீராய்டு ஹைப்போகுளோரைட்டுகளையும் இதே வழியில் கொண்டுவந்தார்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வெடிக்க வைத்ததும் அந்தப் பலவீனமான பிணைப்புதான். ஹார்மோன் செய்து கொடுத்ததும் அதுதான். குணம் மாறவில்லை, கையாண்ட விதம்தான் மாறியது. 1969இல் வாலிங் குழு வெளியிட்ட செய்முறையில் மூலப்பொருள் கடையில் கிடைக்கும் பிளீச்சிங் திரவம்தான். ஆனால் விளக்கை அணைத்துவிட்டு வேலை செய், பழுப்பு பாட்டிலில் குளிரில் வை, ரப்பர் படவிடாதே என்று எச்சரிக்கைகளும் கூடவே உண்டு. தொழிற்சாலையிலும் அப்படித்தான். பிளீச்சிங் திரவ டேங்க்குக்குப் பக்கத்தில் ஆல்கஹாலையும் அமிலத்தையும் வைக்காதீர்கள் என்று போர்டு எழுதிவைப்பது சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லீங்க. அந்த போர்டுக்குப் பின்னால் சாண்ட்மையர் காலத்திலிருந்து வரும் சரித்திரம் இருக்கிறது.

அடுத்த முறை லேபில் பழுப்பு பாட்டிலை எடுக்கும்போது, ‘ஏன் இந்த நிறம்?’ என்று ஆசிரியரைக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். வாழ்க நம் கல்லூரி!