ஹால் – மில்ஸ் இரட்டைக் கொலை: சந்தேகிக்கப்பட்டவர்களும் தீராத வழக்கும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1922ஆம் ஆண்டு நடந்த ஹால் – மில்ஸ் இரட்டைக் கொலை, இன்றுவரை துப்புத் துலங்காத வழக்குகளுள் ஒன்று. நான்கு பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது, எவரும் தண்டிக்கப்படவில்லை. ஒரு வழக்கு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு கெடுகிறது என்பதை அறிய விரும்பும் மாணவர்களுக்கு இது நல்ல பாடம்.

கொல்லப்பட்டவர்கள்

எட்வர்டு வீலர் ஹால், நியூ பிரன்சுவிக் நகரில் இருந்த எபிஸ்கோபல் திருச்சபை ஆலயத்தின் குருவானவர். வயது 41. அவருடைய மனைவி பிரான்சஸ், செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். கணவரைவிட ஏழு வயது மூத்தவர். எலினார் மில்ஸ் அதே ஆலயத்தின் பாடகர் குழுவில் பாடியவர். வயது 34, இரு பிள்ளைகளின் தாய். அவருடைய கணவர் ஜேம்ஸ் மில்ஸ் அவ்வாலயத்தின் கோயில்பிள்ளை. குருவானவருக்கும் எலினாருக்கும் இடையே இருந்த தகாத உறவு சபையில் பலர் வாயில் அடிபட்ட செய்திதான்.

செப்டம்பர் 14 இரவு இருவரும் வீடு திரும்பவில்லை. 16ஆம் தேதி காலை, நகருக்கு வெளியே ஒரு ஒற்றையடிச் சந்தை ஒட்டி, காட்டு ஆப்பிள் மரத்தடியில் இருவரது உடல்களும் அருகருகே கிடத்தப்பட்டிருந்தன. ஹால் தலையில் ஒருமுறை சுடப்பட்டிருந்தார். எலினார் மூன்று முறை சுடப்பட்டு, கழுத்தும் அறுக்கப்பட்டிருந்தார். எலினார் எழுதிய காதல் கடிதங்கள் உடல்களுக்கிடையே சிதறிக் கிடந்தன. ஹாலின் பெயர் அட்டை அவருடைய காலடியில் வைக்கப்பட்டிருந்தது. கொன்றவர் இந்த உறவை ஊர் அறியச் செய்ய விரும்பினார் என்று பலரும் கருதியதற்கு இதுவே காரணம்.

தடயங்கள் அழிந்த விதம்

இறந்தவர்கள் வாழ்ந்தது மிடில்செக்ஸ் மாவட்டம். உடல்கள் கிடந்தது சாமர்செட் மாவட்டம். இதனால் விசாரணை யாருடைய பொறுப்பு என்ற குழப்பம் தொடக்கத்திலேயே எழுந்தது. அதற்குள் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அந்த இடத்தை மிதித்துத் துவைத்துவிட்டது. நினைவுப் பொருளாக மரத்தின் பட்டையைக்கூட உரித்துச் சென்றார்கள். பெயர் அட்டை பலர் கைபட்டது. முதல் பிரேதப் பரிசோதனையும் முறையாக நடக்கவில்லை. எலினாரின் நாக்கும் குரல்வளையும் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது, 1926இல் உடலை மீண்டும் தோண்டியெடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சந்தேகிக்கப்பட்டவர்கள்

பிரான்சஸ் ஹால்: துரோகத்துக்கு உள்ளான மனைவி என்பதால் முதல் பார்வை இவர் மீது விழுந்தது. கணவர் வராததால் நள்ளிரவுக்குப் பின் அண்ணன் வில்லியை அழைத்துக்கொண்டு ஆலயத்துக்குத் தேடிச் சென்றதாக இவரே கூறினார்.

வில்லி ஸ்டீவன்ஸ்: பிரான்சஸின் அண்ணன். உலக நடப்பு அறியாதவர் என்று ஊர் கருதியது. தீயணைப்பு நிலையத்தில் பொழுதைக் கழிப்பது இவர் வழக்கம். பெயர் அட்டையில் இருந்தது இவருடைய கைரேகை என்று அரசுத் தரப்பு வாதிட்டது. எதிர்த்தரப்பு வல்லுநர்கள் அதை மறுத்தனர்.

ஹென்றி ஸ்டீவன்ஸ்: மற்றொரு சகோதரர், குறி தவறாமல் சுடுவதில் தேர்ந்தவர். அன்றிரவு தொலைவில் உள்ள கடற்கரை ஊரில் மீன் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சாட்சிகளைக் காட்டினார்.

ஹென்றி கார்பெண்டர்: பிரான்சஸின் உறவினர், பங்குத் தரகர். இவர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. ஆனால் விசாரணைக்கு வருமுன்பே அது கைவிடப்பட்டது.

ஜேம்ஸ் மில்ஸ்: மனைவியை இழந்த இவருக்கும் காரணம் இருந்தது. ஆயினும் இவர் மீது குற்றம் சாட்டப்படவில்லை. பின்னர் அரசுத் தரப்புச் சாட்சியாகவே வந்தார். பணமும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தின் பக்கம் செய்தித்தாள்களின் பார்வை திரும்பியதால் இவரைப் பற்றிய கேள்விகள் பின்தங்கிவிட்டன எனலாம்.

முக்கியச் சாட்சி

அருகில் பன்றி வளர்த்துவந்த ஜேன் கிப்சன் என்ற பெண், அன்றிரவு சோளம் திருடுபவர்களைத் தேடிக் கோவேறு கழுதையில் சென்றபோது சச்சரவையும் துப்பாக்கிச் சத்தத்தையும் கேட்டதாகக் கூறினார். ஆனால் அவருடைய கூற்று சொல்லுந்தோறும் மாறியது. 1922 நவம்பரில் கூடிய பெருநடுவர் குழு யார் மீதும் குற்றம் சாட்ட மறுத்துவிட்டது.

1926 விசாரணை

நான்கு ஆண்டுகள் உறங்கிய வழக்கை, 'டெய்லி மிரர்' என்ற நியூயார்க் நாளிதழ் எழுப்பியது. ஹால் வீட்டில் முன்பு வேலை பார்த்த பணிப்பெண் பணம் பெற்று உண்மையை மறைத்தார் என்று அப்பெண்ணின் கணவர் தமது மணமுறிவு வழக்கில் கூறியதை அது பெரிதாக வெளியிட்டது. ஆளுநர் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். நவம்பர் 3 அன்று சாமர்வில் நீதிமன்றத்தில் பிரான்சஸ், வில்லி, ஹென்றி ஸ்டீவன்ஸ் ஆகிய மூவர் மீதும் விசாரணை தொடங்கியது. நோயுற்றிருந்த ஜேன் கிப்சனைக் கட்டிலோடு தூக்கிவந்து சாட்சி சொல்ல வைத்தனர். அவருடைய தாயோ, முன்வரிசையில் அமர்ந்து மகள் பொய் சொல்கிறாள் என்று முணுமுணுத்தார். எளிதில் தடுமாறுவார் என்று எதிர்பார்க்கப்பட்ட வில்லி, குறுக்கு விசாரணையில் நிதானம் இழக்காமல் பதில் சொன்னார். டிசம்பர் 3 அன்று மூவரும் விடுதலை செய்யப்பட்டனர். பின்னர் அக்குடும்பம் நாளிதழ் மீது மானநட்ட வழக்குத் தொடுத்தது. அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. பிரான்சஸ் 1942இல் மறைந்தார்.

பிற்காலக் கருத்தும் படிப்பினையும்

1964இல் வழக்கறிஞர் வில்லியம் கன்ஸ்ட்லர் தாம் எழுதிய நூலில், கு கிளக்ஸ் கிளான் அமைப்பே இதைச் செய்திருக்கலாம் என்றார். அதுவும் ஊகமாகவே நிற்கிறது.

கொல்வதற்குக் காரணம் இருந்தது என்பதும், கொன்றார் என்பதும் ஒன்றல்ல. தகாத உறவு பலருக்குச் சினம் மூட்டியிருக்கும். ஆனால் சினம் சான்றாகாது. முதல் நாளில் காக்கத் தவறிய தடயங்களை நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு எழுந்த பத்திரிகைப் பரபரப்பால் மீட்க முடியவில்லை. குற்றவாளி தப்பினார். குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்களோ வாழ்நாள் முழுதும் பழியைச் சுமந்தார்கள். இறந்த இருவருக்கும் நீதி கிடைக்கவில்லை. இவ்வழக்கைப் படிக்கும் மாணவர்கள் "யார் கொன்றது?" என்று கேட்பதோடு, "எதை வைத்து அப்படிச் சொல்கிறோம்?" என்றும் கேட்டுப் பழக வேண்டும்.