பளிங்கும் புரோமீன் ஆவியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கரைந்த பொருள்களே தாக்கமுறும் என்பது இரசாயனத்தின் நெடுநாளைய நம்பிக்கை. திண்மம் அசைவற்றதாகவும், எனவே மாற்றத்துக்குப் புறம்பானதாகவும் கருதப்பட்டது. இந்நம்பிக்கை தகர்ந்த வரலாறு, கருத்துமுதல்வாதத்தின் அரணொன்று தகர்ந்த வரலாறுமாகும்.

1848இல் லூயி பாஸ்டர் தாத்தரேற்று உப்பொன்றின் பளிங்குகளை இடம், வலம் எனக் கையாற் பிரித்தார். இடக்கையும் வலக்கையும் போன்ற அவ்விருவகைப் பளிங்குகளின் கரைசல்கள் முனைவுபடுத்திய ஒளியை எதிரெதிர்த் திசைகளில் திருப்பின. இத்தகைய சமச்சீரின்மையே உயிர்ப்பொருளின் இரசாயனத்தையும் சடப்பொருளின் இரசாயனத்தையும் பிரிக்கும் எல்லை என அவர் 1860இற் கருதினார். 'உயிர்ச்சக்தி'வாதிகள் அவ்வெல்லையிற் புகலிடம் தேடினர்.

விடை பளிங்கியலிலிருந்து வந்தது. மாக்ஸிய விஞ்ஞானியான ஜே. டி. பேணல் 1934இல் கேம்பிரிட்ஜில், பின்னாளில் டொரதி ஹொட்ஜ்கின் எனப் புகழ்பெற்ற மாணவியுடன், பெப்சின் பளிங்கினை எக்ஸ் கதிராற் படம்பிடித்தார். ஒக்ஸ்போட்டில் ஹொட்ஜ்கினிடம் பயின்ற கெர்ஹாட் ஷ்மித், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் திண்மநிலைத் தாக்கங்களை ஆராய்ந்தார். சினமிக் அமிலங்கள் ஒளிபட்டு எவ்விளைவினைத் தரும் என்பதைப் பளிங்கில் மூலக்கூறுகள் அடுக்கப்பட்ட முறையே தீர்மானிக்கிறது என்பதனை 1964இல் அவர் குழுவினர் நிறுவினர்.

1969இல் பென்சியனும் ஷ்மித்தும் இருமெதயில் சால்கோன் என்னும் சேதனச் சேர்வையின் ஒற்றைப் பளிங்குகளைப் புரோமீன் ஆவிக்கு உட்படுத்தினர். கரைசலில் இம்மூலக்கூறுக்கு இடமுமில்லை, வலமுமில்லை. பளிங்கிலோ அவை யாவும் ஒரே கைவடிவ அடுக்கில் அமைகின்றன. விளைவாகிய இருபுரோமைட்டு ஒளியைத் திருப்பிற்று. ஒரு கைவடிவத்தின் மிகை ஏறத்தாழ நூற்றுக்கு 6 மாத்திரமே; ஆயினும் உயிர்ப்பொருளெதுவும் அங்குத் துணைநிற்கவில்லை.

பளிங்கினைத் தெரிந்தெடுத்தவன் மனிதனன்றோ என வினவலாம். உண்மை, எனினும் பளிங்கினை அவன் ஆக்கவில்லை. அது இடமாக அமையுமா, வலமாக அமையுமா என்பது தற்செயல். அமைந்தபின் தாக்கத்தின் போக்கு அவசியம். தற்செயலும் அவசியமும் இங்கு ஒன்றையொன்று விலக்குவனவல்ல.

ஷ்மித் மாக்ஸியவாதி என்பதன்று எமது வாதம். சமுதாயத்தைப் பளிங்காகக் காண்பதும் பொறிமுறைவாதமேயாகும். ஆனால், தனிமூலக்கூறிடம் இல்லாத பண்பொன்று மூலக்கூறுகளின் உறவிலிருந்து பிறக்கிறது என்பது பரிசோதனை தந்த உண்மை. உருவத்தை உள்ளடக்கத்தின் வெற்றுக் கலமாகக் கருதும் இலக்கிய விமரிசகரும் இதனைச் சிந்தித்தல் தகும். அமைப்பும் பொருளின் இயல்பே. அது விளைவினை மாற்றுகிறது.