இரபாமைசின்: ஒரு தீவின் பெயர் சென்ற வழி

ரகரம் மொழிக்கு முதலாகாது என்று இகரம் சேர்த்து இரபாமைசின் என எழுதிவிட்டாலும், சொல்லை அவிழ்க்கும்போது அந்த இகரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். எஞ்சும் ரபா, பசிபிக் பெருங்கடலின் நடுவே தனித்துக் கிடக்கும் ரபா நூயித் தீவின் முற்பாதி. 1722இல் உயிர்ப்பு ஞாயிறன்று டச்சுக் கடலோடி யாக்கோப் ரோகவேன் அதைக் கண்டதால் உலகம் ஈஸ்டர் தீவு என்றது. பாலினீசிய வழக்கில் நூயி என்றால் பெரிது. மேற்கே வெகு தொலைவில் ரபா என்றொரு சிறு தீவு இருக்க, அதனோடு ஒப்பிட்டு இது பெரிய ரபா ஆயிற்று. பேரூர், சிற்றூர் என நாம் முன்னே வைக்கும் அடையை அவர்கள் பின்னே வைக்கிறார்கள்.

1964இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு அத்தீவுக்குக் கப்பலில் சென்று, திரும்புகையில் மண்ணும் எடுத்து வந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் சுரந்த பொருளை மான்ட்ரியலில் அயர்ஸ்ட் நிறுவன ஆய்வகத்தில் சுரேன் சேகல் முதலானோர் பிரித்தெடுத்தனர். 1975இல் அது ரபாமைசின் என்னும் பெயரோடு அச்சேறியது.

மைசின் கிரேக்க வேரிலிருந்து வந்தது; மைக்கீஸ் என்றால் பூஞ்சை. ஆனால் இப்பொருளைச் சுரப்பது பூஞ்சையன்று, ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியா. இழை இழையாகக் கிளைத்து வளரும் அதன் தோற்றம் பூஞ்சையை ஒத்திருந்ததால் அப்பெயர் அமைந்தது. அறிவு திருந்திய பின்னும் பெயர் திருந்தவில்லை. வேடிக்கை என்னவென்றால், பூஞ்சையின் பெயரை வாலாகக் கொண்ட இப்பொருள் முதலில் அறியப்பட்டதே பூஞ்சைக்கொல்லியாகத்தான். அந்த வாலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் தரும் மருந்துக்கு ஒய் எழுத்தும், மைக்ரோமோனோஸ்போரா தரும் மருந்துக்கு ஐ எழுத்தும் இட்டு உரோமன் எழுத்தில் பிரித்துக் காட்டுவர். ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் தமிழில் ஒரே மைசினாகிவிடுகின்றன. செவிக்கு எட்டாத இந்த வேறுபாட்டை நம் எழுத்து சுமப்பதில்லை.

பின்னர் இது உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பது தெரியவர, சிரோலிமஸ் என்னும் பொதுப்பெயரில் 1999இல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. நம் கதை அந்த வழியில் போகவில்லை. மருந்தாவதற்கு முன்பே அது உயிரணுவின் உள்ளே எது எதைச் செய்கிறது என்று கண்டறியப் பயன்படும் வேதிப்பொருளாகிவிட்டது. இத்தகையதை வேதித்துருவி எனலாம் என்பது என் விருப்பம். துருவு என்னும் வினைக்குத் துளைத்தலும் பொருள், தேடலும் பொருள்; துருவித் துருவிக் கேட்டான் என்கிறோமே, அந்தத் துருவல்.

1991இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஹைட்மன், மோவா, ஹால் மூவரும் ஈஸ்டில் இத்துருவி எந்தப் புரதத்தைத் தாக்குகிறது என்று தேடி, அதற்கு டோர் என்று பெயரிட்டனர். ரபாமைசினின் இலக்கு என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. ஆனால் பாசெலில் ஜெர்மன் பேசுவோருக்கு டோர் என்றால் நகர்வாயில். அந்நகரின் பழைய வாயிலான ஸ்பாலன்டோரையும் நினைத்தே அப்பெயர் வைக்கப்பட்டது. நமக்கு உடனே தோரணம் நினைவுக்கு வரும். பொறுங்கள். ஒலி நெருங்கியதால் மட்டும் உறவு சொல்லிவிட முடியாது. ஐயமின்றி நிறுவப்பட்ட உறவு வடமொழித் துவாரத்தோடுதான், நம் கோயில் வாயிலில் நிற்கும் துவாரபாலகர் பெயரிலுள்ள அதே துவாரம்.

பாலூட்டிகளில் அதே புரதத்தைக் கண்டவர்கள் 1994இல் ஆளுக்கொரு பெயர் சூட்டினர்: ஒருவருக்கு ஃப்ராப், இன்னொருவருக்கு ராஃப்ட். நிலைத்தது எம்டோர். முன்னெழுத்து எம் முதலில் பாலூட்டியைக் குறித்தது, இன்று இயங்குமுறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நிற்கிறது. எழுத்து மாறாமல் பொருளை மட்டும் மாற்றிக்கொள்ளும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் இரசிக்கிறேன்.

பெயரின் தீங்கு அதற்குள்தான் ஒளிந்திருந்தது. ரபாமைசினின் இலக்கு என்று பெயரிட்டபின், ரபாமைசின் தொடாதது எம்டோரின் வேலையன்று என்று எண்ணுவது எளிதாயிற்று. எம்டோரோ இரு கூட்டணிகளாக இயங்குகிறது. ரபாமைசின் முதற்கூட்டணியைத்தான் நேரே தடுக்கும். இரண்டாவது, சில உயிரணுக்களில் நெடுநேரம் மருந்தில் கிடந்தால் மட்டுமே தளர்கிறது. 2009இல் டோரின் என்னும் வேறொரு துருவி, வினைபுரியும் இடத்தையே அடைத்துப் பார்த்தபோது, முதற்கூட்டணியிலும் ரபாமைசினுக்கு அசையாத வேலைகள் உண்டென்று தெரிந்தது. டோரின் என்ற பெயரைப் பாருங்கள்: துருவியின் பெயரால் பெயர்பெற்ற புரதம், இப்போது அடுத்த துருவிக்குப் பெயர் தருகிறது.

மறுபுறம், ரபாமைசின் செய்வதெல்லாம் எம்டோர் வழியே என்றும் சொல்லிவிட முடியாது. எனவே ரபாமைசினை எடுப்பவர் அதற்குத் துணைச்சான்றும் எடுத்துவைக்கிறார். ரபாமைசின் தனித்து எம்டோரைப் பற்றுவதில்லை. எஃப்கேபிபி12 என்னும் சிறு புரதத்தோடு சேர்ந்தே பற்றுகிறது. அதே சிறு புரதத்தைப் பிடித்தும் எம்டோரைத் தொடாத பொருள் டாக்ரோலிமஸ். ஜப்பானின் சுகுபாவில் கிடைத்ததால் முதலெழுத்தில் ஊரைத் தாங்கிய அதுவும் ஊர்ப்பெயர்க்காரர்தான். இரண்டும் ஒரே விளைவைத் தந்தால், எம்டோரையன்றி, அந்தச் சிறு புரதம் இடம்பெயர்ந்ததையே முதலில் ஐயுற வேண்டும். தசை உயிரணுக்களில் கால்சிய வாயில்களில் அமர்ந்திருக்கும் அதை இரண்டுமே கழற்றிவிடும். ரபாமைசின் ஒட்ட முடியாதபடி மாற்றிய எம்டோரை உயிரணுவில் வைத்தும் பார்ப்பர். அங்கும் விளைவு மறையவில்லையென்றால், காரணம் வேறிடத்தில் இருக்கிறது.